நாகத்தை மாதிரிக்கு அனுப்பிய கதை

அந்தக் காலத்தில் பாம்புகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சைவிடப் பெரிய வீம்பும் இருந்தது. அவற்றை வரப்பில் குடியிருக்க விடுவதா, வளைகளுக்குத் தீ வைப்பதா என்று மனிதர்கள் ஊர்கூடிப் பேசினார்கள். கடைசியில் வயல்காரி குருந்தாயி பாம்புகளிடம் வந்து சொன்னாள்: "நெல்லுக் குவியலை மொத்தமா யாரும் கிளறுறதில்ல. ஒரு பிடி அள்ளிப் பார்ப்போம். அதுபோல உங்கள்ல ஒருத்தரை மாதிரிக்கு அனுப்புங்க. பார்த்துட்டு முடிவு சொல்றோம்."

வரப்பு வளையில் பன்னிரண்டு முட்டை இட்டிருந்த சாரைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. புற்றடிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தாள்.

"நான் போறேன். நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு விஷமே கிடையாது. எலி புடிச்சுத் திங்கிறோம். அதைச் சொன்னாப் போதும்."

"உன்னைப் பார்த்தா மாட்டுக் கயிறுன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க," என்று சிரித்தது தண்ணீர்ப்பாம்பு. "நம்ம மானத்தைக் காப்பாத்த நாகண்ணன்தான் சரி. படம் எடுத்து நின்னா எப்படி இருக்கும்!"

சாரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழகு பார்க்கவாடா கூப்பிட்டாங்க? நாகண்ணன் நூத்துல ஒருத்தர். அவரைப் பார்த்தா நம்மளைப் பத்தி என்னடா தெரியும்?"

கேட்பாரில்லை. விஷமில்லாத பயல்களுக்குத்தான் விஷத்தின் மேல் அத்தனை பெருமை!

மறுநாள் காலை நாகம் களத்துக்குப் போனது. குருந்தாயி, நெல் பார்க்கிற பழக்கத்தில், குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள். நாகம் படமெடுத்துப் போட்டது ஒரே போடு. அவள் அங்கேயே விழுந்து செத்தாள். நாகம் வேலிக்குள் புகுந்து மறைந்தது.

"பாம்புன்னா இதுதான், பார்த்தாச்சு!" என்று அலறினான் அவள் தம்பி மாசிலான். ஊரே கம்பும் தீப்பந்தமுமாக வரப்புக்கு ஓடியது.

சாரை வளை வாசலை மறித்து நின்றாள். "அது வேற, நான் வேற! என் வாயைப் பாருங்கய்யா, விஷப்பல்லே இல்ல!"

வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கண்டதும் மாசிலான் இன்னும் ஓங்கி அடித்தான். முதுகு பிய்ந்து அவள் தப்பியபோது வளைக்குள் முட்டைகள் வெந்துகொண்டிருந்தன.

புற்றடியில் தண்ணீர்ப்பாம்பு பதுங்கிக் கிடந்தது. "மானம் காப்பாத்தியாச்சா?" என்று காறித் துப்பினாள் சாரை. பிறகு ஊர்ப்பக்கம் திரும்பினாள். "கண்ணிருந்தும் பார்க்காத சனங்களோட நமக்கு இனி என்ன பேச்சு?"

அதுதான் பாம்பு பேசிய கடைசி வார்த்தை. அன்று முதல்தான் மனிதர்கள் பாம்பை முதலில் அடித்துப் போட்டுவிட்டு, அப்புறம் குனிந்து, "என்ன பாம்பு இது?" என்று கேட்கிறார்கள்.