தவறி விழுந்தாள்

அநியாயம் நடந்தது ஆரணிக்கு. ரொறன்ரோவில் ஒரே பனித்தளத்தில் பதினொரு வருடம் கஜீபனோடு சோடிச் சறுக்கல் ஆடியவள். ஆண் ஓடிக்கொண்டே தலைக்கு மேல் தூக்குவான், பெண் அவன் ஒற்றைக் கையில் அந்தரத்தில் விரிவாள். தேசியப் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் அந்தக் கை விலகிவிட்டது. அவளுடைய தோள் நொறுங்கியது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அவளுடைய பாட்டுக்கு, அளவு குறுக்கித் தைத்த அவளுடைய உடுப்பில், வேறொருத்தி கஜீபனோடு ஆடினாள். சறுக்கல் சங்கத்துக்குப் போன அறிக்கையில் ஒரே வரி: ‘தூக்கும்போது பெண் தவறி விழுந்தாள்.’ எழுதியவர் இருவருக்கும் பயிற்றுநரான தவமலர் ரீச்சர்.

எட்டு மாதத்தில் தோள் சரியானது. வேறு சோடி கிடைக்கவில்லை. அறிக்கையைப் படித்த இரண்டு பேர் மறுத்தார்கள். மிச்சமிருந்த ஒருவன் மொன்றியலில் இருந்தான். ‘விழுகிற ஆளோடு ஆட எனக்குப் பயம்’ என்று அன்று காலை அவனும் எழுதிவிட்டான். சோடி இல்லாவிட்டால் இருபத்தைந்து வயதில் அவளுடைய ஆட்டம் முடிந்தது.

ஆரணி நேரே பனித்தளத்துக்குப் போனாள். கஜீபன் புதுப் பெண்ணோடு பயிற்சியில் இருந்தான். ரீச்சர் வேலியோரம் நின்றார்.

“ரீச்சர், நான் விழுந்தனானோ, கஜீபன் என்னைக் கீழை போட்டவரோ?”

“இரண்டுக்கும் வலி ஒண்டுதானே, பிள்ளை.”

“வலி ஒண்டு. எழுவாய் வேறை.”

ரீச்சர் தளத்தின் பக்கம் திரும்பினார். ஆரணி விடவில்லை.

“பெண் சரிஞ்சால் ஆண் முதல்லை விழோணும், அவளுக்குக் கீழை. நீங்கள் சொல்லித் தந்த விதிதானே? அண்டைக்கு அவர் நேராய் நிண்டவர். கையை விரிச்சு முடிவு நிலையும் காட்டினவர். கைதட்டு மட்டும்தான் குறை.”

ரீச்சர் குனிந்து தன் சறுக்குச் சப்பாத்தை இறுக்கிக் கட்டினார். ஐம்பது வயதில், முழங்கால் கிறீச்சிட, தளத்துக்குள் இறங்கினார்.

“கஜீபன், என்னைத் தூக்கும்.”

அவன் சிரித்தான். “பகிடி விடாதேங்கோ ரீச்சர்.”

“தூக்கும்.”

“வேண்டாம். விழுந்திடுவியள்.”

“நீர் பிடிச்சிருப்பீர்தானே?”

“பிடிப்பன். எண்டாலும் விழுந்தியளெண்டால் இடுப்பு போயிடும்.”

புதுப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரீச்சர் திரும்பி வந்து ஆரணிக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார்.

“கேட்டனீரோ?”

“கேட்டன். ‘போட்டிடுவன்’ எண்டு அவர்ரை வாயிலை வரேல்லை.”

“வராது.”

“ஏன் வராது?”

ரீச்சர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிவிட்டிருந்தது.

“பத்து வயதிலை அவர் முதல்முதல் ஒரு பிள்ளையைப் போட்டவர். அவளுக்குப் பல்லு உடைஞ்சது. இவர் மூலையிலை இருந்து அழுதவர். நான் போய், ‘நீர் போடேல்லை, அவதான் விழுந்தவ’ எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“பிறகு அழேல்லை.”

ஆரணி தளத்தைப் பார்த்தாள். கஜீபன் புதுப் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான்.

“என்ரை அறிக்கை, ரீச்சர்?”

“அவர் உம்மைப் போட்டார், பிள்ளை. நான் கையெழுத்துப் போட்டன்.”