காய்ந்த பூவின் நிறம்

காவலாளி மாடக்கண்ணு பன்னிரண்டு வருஷமாகக் கல்லூரி வளாகத்துக் காட்டுச்செடிகளைப் பழைய செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துச் சேர்த்த கட்டு, பேராசிரியர் தில்லைநாயகத்தின் பெயரோடு முதல்வர் அம்மாவின் மேசைக்கு வந்துவிட்டது. மாடக்கண்ணு போய், அது தன்னுடையது என்றார்.

"கேட்டைத் திறக்கிறவனுக்குச் செடியைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்றார் அங்கிருந்த பேராசிரியர்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன், அய்யா. இந்தக் கொடி எந்த நிறத்துல பூக்கும்?"

மாடக்கண்ணு கட்டிலிருந்து எடுத்து நீட்டிய தாளைப் பேராசிரியர் பார்த்தார். "மஞ்சள். உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"காஞ்ச பொறவுதான் மஞ்சள். கொடியில பால்வெள்ளை. பின்வேலியில இப்பவும் பூத்துக் கெடக்கு, வாங்கம்மா."

போய்ப் பார்த்துவிட்டு வந்த முதல்வர், கட்டின் மேலிருந்த பெயரை அடித்தார். பிறகு அந்தக் கல்லூரியில் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்:

"வாட்ச்மேன், உங்க முழுப்பேர் என்ன?"