அவைக்கு வந்த பொன்வண்டு

கொன்றைமாநகரை நரதுங்கன் என்றொரு மன்னன் ஆண்டான். நல்ல மன்னன்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதே அவனுக்கு வேதம். அன்று கடைசியாகப் பேசியவர் தலைமைப் பண்டிதர் ஏகாம்பரர்.

"மன்னா, அந்தச் சிறுவர் பள்ளியைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்று மணலைக் கிளறுகிறது. ஒன்று புளியங்கொட்டை எண்ணுகிறது. நாலைந்து செடிக்கடியில் குப்புறப் படுத்துக் கிடக்கின்றன. அது பள்ளியா, சந்தையா? இடித்துவிட்டுக் குதிரை லாயம் கட்டலாம்."

மன்னன் கூத்தபிரானைப் பார்த்தான். நாலு வருடத்துக்கு முன் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பள்ளியைத் திறக்க வைத்தவர் அவர்தான்.

"என்ன சொல்கிறீர், கூத்தபிரானே?"

கூத்தபிரானுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவையின் சாதுர்யர் என்று பட்டம். ஆனால் அவருடைய நல்ல பதில்களெல்லாம் மறுநாள் குளிக்கும்போதுதான் வரும். இது ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அன்றும் வாய் திறந்தார், ஒன்றும் வரவில்லை.

"சரி, நாளை வரை தவணை" என்றான் மன்னன். "அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்து, என் அவைக்குத் தெரியாத ஒரே ஒரு விஷயத்தைக் காட்டும். காட்டாவிட்டால் லாயம்."

கூத்தபிரான் நேராகப் பள்ளிக்குப் போனார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். முப்பது வருடம் சோறு போட்ட அறிவு, நாற்பது குழந்தைகளுக்கு ஒரு வாக்கியம் தர மறுக்கிறதே!

ஆசிரியை அலர்மேலம்மை குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்று என்ன பாடம்?"

"பொன்வண்டு, ஐயா."

"அது ஒரு பாடம். மற்றவை?"

"எல்லாமே பொன்வண்டுதான். மணலில் அதன் பெயரை எழுதினார்கள், அது தமிழ். அதன் கால்களை எண்ணி, மூன்று வண்டுக்கு எத்தனை கால் என்று பார்த்தார்கள், அது கணக்கு. எந்த இலையைத் தின்கிறது என்று செடிக்கடியில் படுத்துப் பார்த்தார்கள். படம் வரைந்தார்கள். பாட்டும் கட்டினார்கள். பாட்டு சுமார்தான்."

"அதற்கு எத்தனை கால்?" கூத்தபிரான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீங்களே எண்ணுங்கள், ஐயா" என்று ஒரு பொன்வண்டை அவர் கையில் வைத்தார் அலர்மேலம்மை.

எண்ணினார். ஆறு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார். ஆறுதான். ஐம்பத்து மூன்று வருடமாக இதே நாட்டில் பொன்வண்டோடு வாழ்ந்திருக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் பிடி கிடைத்துவிட்டது. தனக்கே தெரியாதது அவையில் எவனுக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் ஒரு பித்தளைக் குண்டானில் பொன்வண்டை வைத்துக்கொண்டு, குயவர் வீட்டு மருதாயி என்ற ஏழு வயதுச் சிறுமியையும் கூட்டிக்கொண்டு அவைக்கு வந்தார். குண்டானை அரியணைக்கு முன் வைத்தார்.

"மன்னா, கேள்வி எளிது. இதற்கு எத்தனை கால்?"

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேள்விக்கும் மன்னர்தான் முதலில் பேசுவார். பிறகு மற்றவர்கள் பதவி வரிசைப்படி பேச வேண்டும்.

மன்னன் அரியணையிலிருந்தே எட்டிப் பார்த்தான். "நாலு."

"நாலேதான்!" என்றார் ஏகாம்பரர், குண்டான் பக்கமே திரும்பாமல். "வேதம் நாலு. திசை நாலு. வண்டு மட்டும் மீறுமா?"

"நாலு" என்றார் தளபதி. "என் குதிரைக்கும் அதே கணக்கு."

"நாலு" என்றார் கருவூலத் தலைவர். "அதற்கு மேல் வீண்."

நாலு, நாலு, நாலு என்று வரிசை நகர்ந்து ஒன்பதாவது ஆசனத்துக்கு வந்தது.

"நாலு, மன்னா! அதுவும் என்ன அழகான நாலு!" என்றார் கூத்தபிரான்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. தான் வைத்த பொறியில் தானே, அதுவும் குதித்துப் போய் விழுந்திருந்தார்.

மருதாயி குண்டானுக்குள் தலையை விட்டு, விரல் நீட்டி எண்ணினாள்.

"ஆறு, ராஜா."

மன்னன் இறங்கி வந்து குனிந்து எண்ணினான். ஆறு.

ஏகாம்பரர் தொண்டையைச் செருமினார். "கால்கள் நாலுதான், மன்னா. முன்னால் இருக்கும் இரண்டும் கைகள்."

"அப்ப ஏன் தாத்தா அது கையாலயும் நடக்குது?" என்றாள் மருதாயி.

பண்டிதர் மேலே பார்த்தார். விதானத்தில் பதில் இல்லை.

மன்னன் கூத்தபிரான் பக்கம் திரும்பினான். முகம் சிவந்திருந்தது.

"வண்டைக் கொண்டுவந்தது நீர். எண்ணிப் பார்த்தீரா?"

"இரண்டு தரம், மன்னா."

"எத்தனை?"

"ஆறு."

"பிறகு ஏனய்யா நாலு என்றீர்?"

கூத்தபிரானுக்கு முதன்முறையாகக் குளிக்காமலே பதில் வந்தது.

"எண்ணத் தெரியும், மன்னா. எண்ணியதைச் சொல்லத்தான் தெரியவில்லை. அதை அந்தப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் படித்தது இந்த அவையில்."

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவையும் சிரித்தது, பதவி வரிசைப்படி.

பள்ளி தப்பியது. அலர்மேலம்மைக்கு இன்னும் இரண்டு அறைகள் கட்டிக்கொடுக்க உத்தரவாயிற்று. மருதாயிக்குப் பட்டுப்பாவாடை. கூத்தபிரானுக்குப் பொன்னாடை.

மாலையில் அரண்மனை எழுத்தர் ஓலையும் கையுமாக அவர் வீட்டுக்கு வந்தார்.

"அபாரம், ஐயா! அவையின் குணத்தைக் காட்ட, வேண்டுமென்றேதானே நாலு என்றீர்கள்? அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா?"

கூத்தபிரான் பொன்னாடையைத் தடவிப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார்.