கைப்பிடி அரிசியும் வாசல் இழந்த ஊரும்

கேளுங்கள். மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலத்தில் நெடுங்கரை என்றொரு ஊர் இருந்தது. அங்கே உலை வைப்பவர்கள் முதலில் ஒரு கைப்பிடி அரிசியை அடுப்போரத்துப் பானையில் போடுவார்கள். அது அவர்களுடையதல்ல. வீரம்மை வாசல் வாசலாகப் போய் அதை முந்தானையில் வாங்குவாள். அடுப்பு எரியாத வீட்டுக்குக் கொண்டுபோவாள். சிவப்பும் வெள்ளையும் நொய்யும் கலந்திருக்கும். யார் கொடுத்தது என்று தெரியாது.

மழை பொய்த்த ஒரு வருடம், செப்பு அண்டாவோடு மாயாவி ஒருவன் வந்தான்.

"இதில் ஒரு கரண்டிச் சோறு எடுத்துப்போங்கள். வீட்டில் அது தீரவே தீராது. யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம்."

"விலை?"

"உங்கள் அடுப்போரத்துப் பானைகள்."

ஊர் சிரித்தது. "மூளிப் பானைக்குச் சோறா! இவ்வளவு ஏமாளியான மாயாவியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான் உழவன் பூவண்ணன். வீரம்மையைப் பார்த்து, "அக்கா, இனிமேல் உன் முந்தானைக்கு ஓய்வு" என்றான்.

அன்று அவள் முந்தானையில் கொஞ்சம் அரிசி இருந்தது. கிழட்டு நெசவாளி செம்பானுக்கு உரியது. இனி எதற்கு என்று துணியில் முடிந்து தன் வாசல் நிலையில் தொங்கவிட்டாள்.

பானைகளைக் கொடுத்துவிட்டு ஊர் உண்டது. முதலில் வாசல்கள் குனிந்தன. பிறகு ஜன்னலளவு ஆயின. பிறகு சுவராயின. வெளியே போகும் தேவை யாருக்கும் இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை. வீரம்மையின் வாசல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் தெருக்கோடிச் சுவருக்குள்ளிருந்து அவள் மகள் தங்கப்பொண்ணு கத்தினாள். "அம்மா, இடுப்பு வலிக்குது! மருத்துவச்சியைக் கூட்டிவா!" உள்ளே மருமகன் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தான். சுவர் அசையவில்லை.

வீரம்மை அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயாவியிடம் ஓடினாள்.

"வாசலைத் திற."

"நான் மூடவில்லை, அம்மா. உங்கள் வாசல்கள் பானைகளோடு என்னிடம் வந்துவிட்டன."

"எதற்குத் திறக்கும்?"

"ஒருவர் இன்னொருவருக்கென்று கொடுத்த அரிசிக்கு. என் சோறு உதவாது."

அண்டாச் சோற்றை அள்ளி அவன் கையில் வைத்தாள். மணலாக உதிர்ந்தது.

அவளுக்கு முடிச்சு நினைவுக்கு வந்தது. அவிழ்த்தால் இரண்டு பிடி. ஒரு பிடியை மருத்துவச்சி காத்தாயியின் சுவரடியில் வைத்தாள். வாசல் திறந்தது. காத்தாயியும் அவள் கணவன் பூவண்ணனும் கண் கூசி வெளியே வந்தார்கள்.

மூவரும் ஓடினார்கள். செம்பானின் சுவருக்கு முன்னால் வீரம்மை நின்றுவிட்டாள்.

"உன் மகள் அங்கே கத்துறா, நீ இங்கே நிக்கிறியே!"

"இது செம்பான் மாமாவோடது, காத்தாயி. பாதியைக் கேக்காமலே செலவழிச்சிட்டேன். மீதியையும் எடுத்தா நான் யாரு?"

மீதிப் பிடியை அந்தச் சுவரடியில் வைத்தாள். வாசல் திறந்தது.

செம்பான் சுவரில் சாய்ந்தபடி இறந்து போயிருந்தார். முன்னால் ஒரு காய்ந்த இலை, நிறையச் சோறு. எதிரே யாருக்கோ போட்ட இன்னொரு இலை. அதில் மணல்.

தெருக்கோடியில் கத்தல் முனகலாகிவிட்டது. முந்தானையில் ஒன்றுமில்லை.

பூவண்ணன் வீட்டுக்கு ஓடி கூரை எரவாணத்தில் செருகியிருந்த விதைநெல்லை எடுத்துவந்தான்.

"மழை வந்தா எதை விதைப்பே?" என்றாள் வீரம்மை.

"விதைக்கிறதுக்கு ஆள் பிறக்கணுமே, அக்கா."

நெல்லைச் செம்பானின் உரலில் குத்தினார்கள். ஒரு பிடியைப் பூவண்ணன் தங்கப்பொண்ணின் சுவரடியில் வைத்தான். வாசல் திறந்தது. காத்தாயி உள்ளே பாய்ந்தாள். வெயில் சாயும் முன் குழந்தை அழுதது. அதே நேரம் அண்டா வெடித்து மணல் கொட்டியது. மாயாவியைக் காணவில்லை.

பூவண்ணனின் நெல் அடுத்த வீட்டைத் திறந்தது. அந்த வீட்டு விதைநெல் அதற்கடுத்த வீட்டை. கடைசி வாசல் திறந்தபோது விதைநெல் பாதிதான் மிஞ்சியது. முதல் மழைக்கு அதை எல்லோரும் எல்லோருடைய வயலிலும் விதைத்தார்கள். அந்த அறுவடையில் யாரும் பசித்திருக்கவில்லை.

நெடுங்கரையில் எல்லா வீட்டுக்கும் கதவு உண்டு. செம்பானின் வீட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான பானை அங்கேதான் இருக்கிறது. உலை வைக்கும் முன் வந்து ஒரு பிடி போடுகிறார்கள். எடுத்துப் போகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யார் எடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.