நாற்பத்து மூன்று மருதாயிகள்

"மேடம், எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. உள்ள போறது நாற்பத்து மூணு பேர். வெளிய வர்றது நாற்பத்து மூணு மருதாயி!"

புலம்பியவர் சவரிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. கண் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் சி என்கிற புரோகிராம் மொழி பழக வந்து ஆறு மாதம். சொல்லிக்கொடுப்பவள் தமயந்தி, அவரைவிட இருபது வயது இளையவள். பேச்சில் மகா கஞ்சம்.

இரண்டு மணிக்கு ஆபரேஷன் பட்டியல் போயாக வேண்டும். யாருக்கு எந்தக் கண் என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் கத்தியைத் தொடுவார். அதிலோ வரிக்கு வரி 'மருதாயி, இடது கண்'.

"டேட்டாபேஸ்?"

"அதுல எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க மேடம். அதுலேருந்து எஸ்க்யூஎல் ஒவ்வொரு ஆளா எடுத்து, ஸ்ட்ரக்சர்ங்கிற பெட்டியில போடுது. பேரு, வயசு, கண்ணு எல்லாம் கச்சிதமா உட்காருது. அந்த ஸ்ட்ரக்சர் எங்க இருக்குன்னு சொல்ற பாயிண்டரைப் பட்டியல்ல சேர்க்கிறேன். அப்புறம் அடுத்த ஆள். எங்க தப்பு?"

"ஸ்ட்ரக்சருக்கு மெமரியில இடம் எப்ப கேட்டீங்க?"

"முதல் வேலையா அதைத்தான் கேட்டேன்."

தமயந்தி சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"வராந்தாவுல மூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் பேரையும் கண்ணையும் எழுதுங்க. 'உங்க விவரம் இந்தப் பலகையில இருக்கு'ன்னு சொல்லுங்க. அழிச்சிட்டு அடுத்தவங்க."

"மணி ஒண்ணரை மேடம்! இப்பப் போயா?"

அவள் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மனுஷருக்கு வந்த ஆத்திரத்தில் பலகையை உடைத்திருப்பார். ஆனாலும் போனார்.

முதலில் பரமசிவம், வலது கண். அந்தப் புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எழுதினார், சொன்னார், அழித்தார்.

அடுத்து ஞானசௌந்தரி. எழுதினார், சொன்னார், அழித்தார்.

கடைசியில் மருதாயி, இடது கண். எழுதினார், சொன்னார்.

"முதல் ஆளைக் கேளுங்க, அவருக்கு எந்தக் கண்ணுன்னு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பரமசிவம் பலகையை உற்றுப் பார்த்தார்.

"இடதுன்னு போட்டிருக்கே! ஏப்பா, அந்தக் கண்ணாலதானே இதையே படிக்கிறேன்!"

சவரிமுத்து பலகையைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று முகங்களையும் பார்த்தார்.

"அட கடவுளே!"

உள்ளே ஓடினார். இடம் கேட்கும் வரி, ஆளுக்கு ஒரு தடவை சுற்றும் லூப்புக்கு வெளியே, மேலே ஜம்மென்று உட்கார்ந்து ஒரே ஒரு இடம்தான் கேட்டிருந்தது. அதைப் பிடுங்கி உள்ளே போட்டார். பிரிண்டர் ஓடியது.

முதல் தாளை அவர் தமயந்தியிடம் காட்டவில்லை. நேராக வராந்தாவுக்குப் போய்ப் பரமசிவத்திடம் நீட்டினார்.

கிழவர் இடது கண்ணால் நிதானமாகப் படித்தார்.

"பரமசிவம். வலது கண்."

"சரியா இருக்காய்யா?"

"இருக்கு. மறுபடி அழிச்சிட மாட்டியே?"