ஆவுளியா யார் வீட்டுப் பெண்?

அந்தக் காலத்தில், மீனும் யானையும் ஒரே பேச்சில் வம்பளந்த நாட்களில், பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலில் ஓர் ஆவுளியா இருந்தாள். கடற்பசு என்கிறோமே, அவள்தான். உருண்டு திரண்ட உடம்பு, பரம சாது. காலையில் வாய் வைத்தால் பொழுது சாய்கிறவரை கடற்புல் மேய்வாள்.

அந்தப் புல்வெளிக்கு நாட்டாமை ஒரு களவா மீன். வாய் பெரிசு, அதைவிடப் பேச்சு பெரிசு. "வாலும் துடுப்பும் இருந்தால் மீன். மீனாகப் பிறந்தவர் தண்ணீருக்கு மேலே தலை நீட்டக்கூடாது. நீட்டினால் பருந்துக்கு நம்மைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அப்புறம் இங்கே இடமில்லை" என்று சட்டம் போட்டிருந்தார்.

ஆவுளியாவுக்கும் வால் உண்டு, துடுப்பு உண்டு. ஆகவே அவளும் மீன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், அவளுக்கோ கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டும். யாரும் பார்க்காத சமயம் மேலே போய்க் காற்றை வாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல வந்து மேய்வாள்.

குட்டி பிறந்த அன்றுதான் வினை வந்தது. பிஞ்சுக்கு ஒளிந்து மறைந்து மூச்சு விடத் தெரியுமா? கண் செருகியது. நாட்டாமையாவது, சட்டமாவது! ஊரே பார்க்க ஆவுளியா குட்டியை முதுகில் ஏந்தி மேலே தூக்கிவிட்டாள். குட்டி 'புஸ்' என்று மூச்சு விட்டது. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

களவாவுக்கு வந்ததே கோபம்! "பட்டப்பகலில் என்ன துணிச்சல்! தாயும் பிள்ளையும் நடையைக் கட்டுங்கள்."

"எங்கே போவேன்? கரையில் போய்ப் புரளவா?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது; ஆனாலும் ஆவுளியா விடவில்லை. "வாலைப் பார்த்து மீன் என்றீர்களே ஐயா, மிச்சத்தைப் பார்த்தீர்களா?"

"வாலைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டிக்கிடக்கு?"

"சரி, வாலையே பாருங்கள். உங்கள் வால் இடமும் வலமும் ஆடுகிறது. என்னுடையது மேலும் கீழும் ஆடுகிறது."

அட, ஆமாம்! மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒரு சாளை அவள் கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "செவுளையே காணோமே" என்றது. நண்டு அவள் துடுப்பை மெல்ல அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, உள்ளே விரல் எலும்பு இருக்கிறது!" என்று துள்ளியது. அதற்குள் குட்டிக்குப் பசி. சபை என்றும் பாராமல் தாயின் கக்கத்தில் வாயை வைத்துப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

களவா கிட்டே வந்து பார்த்தார். "ஒன்று தப்பலாம், இத்தனையுமா தப்பும்? நீ மீன் இல்லைதான். அப்படியானால் நீ யார்?"

அது அவளுக்கே தெரியாது.

கரையோரம் குளித்துக்கொண்டிருந்த பெண் யானை ஒன்று இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுத் துதிக்கையை நீட்டி ஆவுளியாவைத் தடவிப் பார்த்தது.

"அடியே, நில்லு! பசுவுக்கு மடி பின்னங்கால் பக்கம். எங்களுக்கு முன்னங்கால் பக்கம், நெஞ்சில். உனக்கும் அங்கேதானே இருக்கு! உன் வீட்டுக்காரருக்குத் தந்தம் உண்டா?"

"சின்னதாக உண்டு, அக்கா" என்றாள் ஆவுளியா வெட்கத்தோடு.

"அப்புறமென்ன! நீ எங்க வீட்டுப் பெண்தாண்டி. எந்தக் காலத்திலோ கடலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாய்!" என்று யானை துதிக்கை நிறையத் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சியது. ஆவுளியா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அவளுக்கும் சொந்தம் இருக்கிறது!

களவா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மீனுக்குப் போட்ட சட்டம் மீனுக்குத்தான். சம்பந்தி வீட்டுப் பெண்ணை நான் தடுப்பேனா? இங்கேயே இரு தாயி, ஆசை தீர மூச்சு விடு."

அன்று முதல்தான் ஆவுளியா கடலடியில் மேய்ந்தாலும், யாருக்கும் அஞ்சாமல் மேலே வந்து 'புஸ்'ஸென்று மூச்சு விடுகிறாள். தனக்கு எவ்வளவு முட்டினாலும் குட்டியின் மூக்கைத்தான் முதலில் மேலே அனுப்புகிறாள்.