மலை சொன்னது எது?

கூப்பாட்டுப் பாறைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் வாழ்நாளில் ஓரிரு முறை ஏறினால் அதிகம். ஆசைப்பட்டு ஏறுகிற இடமும் இல்லை அது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால், காரியம் முடிந்த மறுநாள், செத்தவர்மேல் யார் உயிரையே வைத்திருந்தாரோ அவர் தனியாக ஏறுவார். பாறை விளிம்பில் நின்று செத்தவர் பெயரை ஒரே ஒரு முறை கூப்பிடுவார். எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லும். கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பாறைக்குக் கீழே ஓட்டுக் கூரை போட்ட சின்ன மடம். அதில் நாச்சாயி அம்மா இருந்தார். ஏறுகிறவர்களிடம் ஒன்றும் பேசமாட்டார். இறங்குகிறவர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பார். அவருடைய உபதேசம் மொத்தமும் அவ்வளவுதான்.

தணிகாசலம் பட்டணத்திலிருந்து வந்தவர். சுற்றுலாத் தலங்களுக்கு விளம்பரம் எழுதிப் பேர் வாங்கியவர். பொட்டல் காட்டைக்கூட 'இயற்கையின் மடி' ஆக்கிவிடுகிற கை. ஒரே மகள் எழிலி கல்லூரிக்குப் போகிற வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கை ஒரு வரி எழுதவில்லை.

யாரோ சொல்லி இங்கே வந்தார். ஏறினார், கூப்பிட்டார். "எழிலி" என்றது மலை. இறங்கி வந்து மோரைக் குடித்து, சொம்பைக் கழுவி வைத்தார்.

"அம்மா, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

வயதில் அவர் அம்மாவைவிட மூத்தவர். அம்மா அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இருங்க ஐயா."

அப்படித்தான் அவர் சீடரானார். விறகு பொறுக்கினார், முற்றம் கூட்டினார். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? ஊரில் பாதை இல்லை. பிள்ளை குட்டியோடு எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கு மனம் கேட்கவில்லை.

"இந்த இடத்தை நாலு பேருக்குத் தெரியவச்சா ஊர் பிழைச்சுக்கும்மா."

"ஊர் கேட்டுச்சுங்களா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

அம்மா தயிரைக் கடைந்துகொண்டே இருந்தார். தணிகாசலம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

செல்போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் பாறை விளிம்பில் நின்றார். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாயில் வந்த பெயரைக் கூப்பிட்டார். "எழிலி!" மலை சொன்னது. அந்த வீடியோ எங்கெங்கோ போனது.

சும்மா சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. தார் ரோடு வந்தது. பொடியன்கள் ஊரிலேயே ஜீப் ஓட்டினார்கள், பெண்கள் பஜ்ஜிக் கடை போட்டார்கள். பிரசவ வலி எடுத்தவளைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிற கொடுமை ஒழிந்தது. கூடவே ஒரு கம்பெனியும் வந்து பெரிய போர்டு நட்டது. 'எக்கோ பாயின்ட். எழிலி என்று கூப்பிடுங்கள், மலை பதில் சொல்லும்!'

யார் அந்த எழிலி என்று ஒருவரும் கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மலை எழிலி, எழிலி என்றே கிடந்தது. தணிகாசலம் மடத்துப் பின்பக்கக் கல்லில் தினமும் போய் உட்கார்ந்துகொள்வார். கூட்டத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்கண்ணு வந்தாள். கீழூர்க்காரி. மஞ்சள் காட்டில் பாம்பு கடித்து இறந்துபோன கதிரேசனின் தாய். முந்தின நாள்தான் காரியம் முடிந்திருந்தது. இன்று விட்டால் முறை தவறிப்போகும்.

கூட்டம் குறையட்டும் என்று காலையிலிருந்து ஓரமாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கே குறைய? வெயில் தாழ்ந்ததும் இனி ஆகாது என்று விளிம்புக்குப் போனாள். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"கதிரேசா!"

பக்கத்தில் நின்ற இளவட்டங்களுக்கு அது புது விளையாட்டாகப் பட்டது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? "கதிரேசா!" என்றான் ஒருவன். "கதிரேசா!" என்றது கூட்டம். "டேய் கதிரேசா, சோறு ஆறுதுடா, சீக்கிரம் வாடா!" என்று ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளைக்கண்ணு சட்டென்று திரும்பிப் பாதையைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவள் அப்படித் திரும்பியதைக் கீழே கல்லில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் பார்த்துவிட்டார்.

அவள் நேரே அவரிடம் வந்தாள்.

"சாமி, நானு கைநாட்டுங்க. இத்தனை சத்தத்துல மலை சொன்னது எதுங்க?"

தணிகாசலம் எதிர்மலையைப் பார்த்தார்.

அவள் மடத்துப் படியில் உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த மோரை வாங்கவில்லை. "மலை சொல்லிக் கேக்காம எப்புடிங்க எறங்கறது?" என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஜீப்புகள் இறங்கிப் போயின. மலை பழையபடி அமைதியானது. தணிகாசலத்துக்கு ஒரு யோசனை தோன்றி ஓடிவந்தார்.

"இப்ப யாரும் இல்லைம்மா. இன்னொரு தடவை கூப்பிடுங்க. நல்லாக் கேக்கும்."

அவள் அவரை ஏதோ பாவம் சொன்னவரைப் போலப் பார்த்தாள்.

"ரெண்டாந்தாட்டி கூப்புட்டா அவன் போகமாட்டானுங்க சாமி. நடுவழியிலயே நின்னுருவான். பெத்தவ அதைச் செய்யலாமுங்களா?"

தணிகாசலம் உள்ளே போனார். அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன்மா. அமைதி காக்கவும்னு போர்டு வைக்கச் சொல்றேன்."

"வைங்க."

"இங்க யாரும் வராதீங்கன்னு இன்னொரு வீடியோ போடறேன்."

"வரக்கூடாத எடம் எப்படித்தான் இருக்குன்னு பார்க்க இன்னும் நாலு பஸ் வரும்."

தணிகாசலம் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்மா தடுக்கலை? அந்தப் போர்டை நட்ட அன்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் ஐயா. நீங்க பின்னாடி கல்லுல உக்காந்திருந்தீங்க. மேல ஏதோ காலேஜ் புள்ளைங்க எழிலி எழிலின்னு கூப்பிட்டாங்க. வாசல்ல வந்து நிக்கற மகளோட சிநேகிதிங்களுக்குச் சொல்ற மாதிரி, 'இருங்கம்மா, இதோ வந்துடுவா'ன்னு நீங்க சொன்னீங்க."

திரியை எண்ணெயில் அமிழ்த்தினார் அம்மா.

"அதுக்கு மேல எனக்கு வாய் வரலை. திரும்பிட்டேன்."

தணிகாசலம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. வெளியே படியில் அந்தத் தாய் இருமுவது கேட்டது.

அழுது ஓய்ந்தபின் கேட்டார். "அந்தம்மா கேட்டதுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

"தெரியலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, அவங்க கூடவே ஊர் வரைக்கும் நடந்து போங்க."

அம்மா எழுந்து போய் இரண்டு சொம்புகளில் மோர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு அவங்களுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"எனக்குத்தான் அன்னிக்கே கொடுத்துட்டீங்களேம்மா."

"இது இறங்கறவங்களுக்குக் கொடுக்கறது ஐயா. நீங்க இன்னும் இறங்கலை."